மரகதக்கா கை

சன்னலைச் சாத்திடட்டுமா அம்மிணி? உங்களுக்குக் குளிரலையா? கீழே இருந்து வர்றவங்க எல்லாரும் இப்படித்தான். மேட்டுப்பாளையத்துல வெயில் அடிக்குதேன்னு மெல்லிசா ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறிடுவாங்க. குன்னூர் தாண்டினதும் பல்லு கிட்டிக்கும். கோத்தகிரி இதைவிடக் குளிரு. இந்தா, சாத்திட்டேன். இப்பப் பரவாயில்லையா?

பஸ் இப்போதைக்கு நகராது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வந்தார். முன்னாடி வளைவுல கற்பூர மரம் சாஞ்சு கிடக்குதாம். அறுக்கறதுக்கு ஆள் வரணும், ஆள் வந்தா ரம்பம் வரணும், ரம்பம் வந்தா அதுக்கு பெட்ரோல் வரணும். இந்த ஊரு அப்படித்தான். எனக்கு வீட்டுல கேஸை மூடினேனான்னு வேற சந்தேகம். மூடியிருப்பேன். மூடாம நான் எங்கேயும் வர்றதில்லை. ஆனாலும் பாருங்க, மனசு அடுப்புகிட்டயே நிக்குது.

எதுங்க, இந்தச் சால்வையா? நல்லா இருக்கா? எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. பஸ் ஸ்டாண்டுல பூக்காரம்மா சொன்னா, ஏறும்போது கண்டக்டர் சொன்னார், இப்போ நீங்க. மாதுளை முத்து நிறம், ஆமா. தொட்டுப் பாருங்க, மெத்துனுதான் இருக்கு. ஆனா நான் பிடிச்சுப் போய் இதைப் போர்த்திக்கலை. குளிருக்குப் போர்த்தியிருக்கேன், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பிரிச்சு உருண்டை கட்டி மூலையில போட்டுடுவேன்.

ஏன்னா கேக்கறீங்க? அதைச் சொல்லணும்னா முதல்ல இருந்து சொல்லணும். சரி, மரம் அறுக்கற வரைக்கும் வேற என்ன வேலை.

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே ஒரு உல்லன் கடை இருக்கு. கடைக்குப் பின்னாடி ஒரு ரூம். வியாழக்கிழமை மத்தியானம் நாங்க பொம்பளைங்க அங்கே கூடிப் பின்னுவோம். ஸ்வெட்டர், குல்லா, மப்ளர், குழந்தைக்கு சாக்ஸ், எல்லாம். குணவதி டீச்சர்தான் ஆரம்பிச்சு வெச்சாங்க. ரிட்டயர் ஆனவங்க, சும்மா இருக்க முடியலை அவங்களுக்கு. நான் கோத்தகிரியில இருந்து பஸ் பிடிச்சுப் போவேன். எங்க வீட்டுக்காரர் கேப்பார், "பின்றதை வீட்டுல உக்காந்தே பின்னக்கூடாதா? அதுக்கு எதுக்கு பஸ்ஸு?"ன்னு. அவருக்கென்ன தெரியும். வீட்டுல நாலு சுவர்கிட்டயா பேசறது?

அந்தப் போன் என்னுதுதான். அடிக்கட்டும் விடுங்க. ஜெசிந்தாவாத்தான் இருக்கும்.

அங்கே வருஷா வருஷம் ஒரு குலுக்கல் உண்டு. மழை விட்டதும் எல்லார் பேரையும் சீட்டு எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டுக் குலுக்குவோம். ஆளுக்கு ஒரு சீட்டு. யார் பேர் வந்துச்சோ அவங்களுக்கு ஒண்ணு பின்னணும். யாருக்குன்னு மூச்சு விடக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற ஒரு வியாழக்கிழமை எல்லாப் பொட்டலத்தையும் நடுவுல வெச்சுடுவோம். ஒவ்வொருத்தரா வந்து தனக்கு வந்ததைப் பிரிக்கணும். பிரிச்சு, கண்ணை மூடிக்கிட்டு, கையால தடவிப் பார்த்து, இது யார் பின்னினதுன்னு சொல்லணும். அதுதான் விளையாட்டே.

சொல்ல முடியுமாவா? நல்லாக் கேட்டீங்க. ஒவ்வொருத்தி கையும் ஒவ்வொரு மாதிரி அம்மிணி. ரஹமத் கை அவசரக் கை, பத்து வரிசைக்கு ஒரு கண்ணி நழுவியிருக்கும். டீச்சர் கை ஒரே சீரா இருக்கும், கரும்பலகையில எழுதின மாதிரி. ஜெசிந்தா கை இருக்கே, தொளதொளன்னு, அவ பேச்சு மாதிரியே, எங்கேயும் பிடிப்பில்லாம.

என் கையா? என் கையைக் கண்டுபிடிக்கத் தடவவே வேண்டாம். பொட்டலத்தைத் தூக்கினாலே போதும். "மரகதக்கா கை!"ன்னு கத்திடுவாங்க. அவ்வளவு கெட்டி. கீழே வெச்சா தானா நிக்கும். நான் பின்னின ஸ்வெட்டர்ல காத்து நுழையாது, சாரல் நுழையாது. இந்த ரஹமத் ஒரு தடவை சொன்னா, "அக்கா, காத்தும் நுழையாது, தண்ணியும் நுழையாது, உள்ளே ஆளும் நுழைய முடியாது"ன்னு. எல்லாரும் ஓன்னு சிரிச்சாங்க. பொறாமை. கண்ணி நழுவ விடறவளுக்கு வாய் மட்டும் நழுவவே நழுவாது.

எனக்கு அப்படிப் பழக்கினாங்க. ஏழாவதோட படிப்பை நிறுத்திட்டு ஒரு கான்வென்டுல தையல் பழக விட்டாங்க என்னை. அங்கே சிஸ்டர் அகதான்னு ஒருத்தங்க. நாம பின்னி முடிச்சதும் பென்சிலை எடுத்துக்கிட்டு வருவாங்க. கண்ணிக்கு நடுவுல பென்சில் முனையை வெச்சுக் குத்துவாங்க. நுழைஞ்சுதுன்னா அவ்வளவுதான், மொத்தத்தையும் சர்ருனு உருவிடுவாங்க. மறுபடி முதல்ல இருந்து. என்னுதுல பென்சில் நுழைஞ்சதே கிடையாது. ஒரு தடவை நுழைஞ்சுது. அதுக்கப்புறம் கிடையாது. இன்னைக்கும் ஊசியைக் கையில எடுத்தா எனக்குப் பின்னாடி யாரோ பென்சிலோட நிக்கற மாதிரித்தான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இத்தனை வருஷமா ஒவ்வொருத்திக்கும் பின்னிக் கொடுத்திருக்கேன். ஏனோதானோன்னு மப்ளர் இல்லை. கழுத்து மூடின ஸ்வெட்டர். பொத்தான் வெச்சுப் பின்றது சோம்பேறி வேலை. எனக்குன்னு பின்னிக்கிட்டா பொத்தான்தான், கொண்டை கலைஞ்சுடுமில்லே. அடுத்தவங்களுக்குன்னு வரும்போது முழு வேலை செய்யணும். ராத்திரி கை மரத்துப் போயிடும் எனக்கு. வெந்நீர்ல விரலை நனைச்சுக்கிட்டுப் பின்னுவேன்.

ஒருத்தி போடணுமே! ஒருத்தி! ஒருத்தியும் போட்டதில்லை. கேட்டா, "பத்திரமா வெச்சிருக்கேன்க்கா"ம்பாங்க. "விசேஷத்துக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்"ம்பாங்க. டீச்சருக்கு ஒரு வருஷம் குல்லா பின்னினேன். அடுத்த வாரம் போறேன், அந்தக் குல்லா டீ கெட்டில் மேலே உக்காந்திருக்கு. டீச்சர் சொல்றாங்க, "மரகதம், உன் குல்லாவைப் போட்டா சாயந்திரம் வரைக்கும் டீ சூடா இருக்கு. என்ன கை உனக்கு!" அது பாராட்டா என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு பின்னினேன், அவரும் போடறதில்லை. தனக்கு உடம்பே சூடுங்கறார். போர்வையை மட்டும் ரெண்டாப் போர்த்திக்குவார்.

எனக்கு வந்ததெல்லாம் என்னன்னு நினைக்கறீங்க? ஒரு வருஷம் சாக்ஸ், வலது கால் பெரிசு, இடது கால் சின்னது. ஒரு வருஷம் மப்ளர், ஒரு மூலை இழுத்துக்கிட்டுப் போகுது. நான் மனசுல வெச்சுக்க மாட்டேன். அங்கேயே, எல்லார் முன்னாடியும், எந்த இடத்துல தப்புன்னு விரலை வெச்சுக் காட்டிடுவேன். சொல்லாட்டி எப்படிக் கத்துக்குவாங்க? அதனால சீட்டுல என் பேர் வந்தவளை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுடலாம், பல்வலிக்காரி மாதிரி ஆயிடுவா. நல்லாப் பின்னணுமேங்கற பயம். அந்தப் பயம் இருக்கறது நல்லதுதான்.

போன வருஷம் எனக்கு ஜெசிந்தா பேர் வந்துச்சு.

ஜெசிந்தா யாருன்னு சொல்லலையா? அதான் இப்போ போன் அடிச்சவ. ஸ்கூல்ல ஆயா வேலை. வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருஷம் ஆகுது. அந்த ரூம்ல எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுது. எனக்கு பஸ் லேட்டானா நாற்காலி மேலே பையை வெச்சுப் பிடிச்சு வெப்பா. கொய்யாப்பழம் கொண்டு வருவா, அதுல உப்பும் மிளகாயும் போட்டு. எனக்குன்னு ஊருல பேச யார் இருக்கா? அவதான். அவ மட்டும்தான் நான் தப்பைச் சொன்னா, "ஆமாங்க்கா, என் கை அப்படித்தான்"னு சிரிப்பா. கோபமே வராது. அதுவே ஒரு எரிச்சல்.

அவளுக்குன்னதும் நான் கடையில இருக்கறதுலயே நல்ல நூலா வாங்கினேன். மாதுளை நிறம். அவ கறுப்பையே போட்டுக்கிட்டுத் திரியறா, கிறிஸ்துமஸுக்காவது சிவப்புப் போடட்டும்னு. மூணு மாசம். கழுத்துக்கு மட்டும் ஒரு வாரம். இறுக்கி இறுக்கி, மலைக் காத்து ஒரு இழை நுழையக்கூடாதுன்னு. கொடுத்தப்போ வாங்கி மூஞ்சியில வெச்சுக்கிட்டு அழுதா. "அக்கா, கிறிஸ்துமஸுக்கு இதைத்தான் போடுவேன்"னா. அவளாச் சொன்னா. நான் கேக்கலை.

கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில நான் குன்னூர் போனேன். எனக்கென்ன சர்ச்சுல வேலை? ஒரு வேலையும் இல்லை. ஆரஞ்சு வாங்கப் போற மாதிரி கூடையை எடுத்துக்கிட்டுப் போய் சர்ச் கேட்டுக்கு எதிர்ல நின்னேன். பூசை முடிஞ்சு எல்லாரும் வெளியே வந்தாங்க. பட்டுச்சேலை, புதுச் சட்டை, சென்ட் வாசனை. ஜெசிந்தாவும் வந்தா, மகளோட. அதே பழைய கறுப்புக் கோட்டு.

நான் ஆரஞ்சு வாங்காமத் திரும்பி வந்துட்டேன்.

சிரிக்காதீங்க அம்மிணி. ஓ, சிரிக்கலையா? சரி. இருட்டாகுதில்லே, முகம் தெரியலை.

அடுத்த வியாழன் கேட்டேன். "ஏன் ஜெசிந்தா போடலை?" தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "பத்திரமா வெச்சிருக்கேன்க்கா." அதே வார்த்தை! எல்லாரும் சொல்ற அதே வார்த்தையை அவளும் சொல்றா. வேற யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். அன்னைக்கு வெட்டினதுதான் பேச்சு. ஒரு வருஷம். ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டே. அவ கொய்யா கொண்டு வருவா, நான் எடுக்க மாட்டேன். எனக்குக் கொய்யான்னா உசுரு. ஒரு வருஷம் எடுக்கலை. அவளும் கொண்டு வர்றதை நிறுத்தலை. அந்த வாசனை இருக்கே... அதை விடுங்க.

கேட்டீங்களா, மறுபடி அடிக்குது. அடிச்சு அடிச்சு ஓயட்டும்.

இன்னைக்குத்தான் இந்த வருஷத்துக் கொடுக்கல் நாள். அங்கே இருந்துதான் வர்றேன். எனக்கு இந்தத் தடவை டீச்சர் பேர். சந்தோஷமாத்தான் பின்னினேன். டீச்சர் ஞாயித்துக்கிழமை ரயில்ல டெல்லிக்குப் போறாங்க, மகன் வீட்டுக்கு. ஜனவரி டெல்லிக் குளிரு நம்ம குளிரு மாதிரி இல்லையாம், எலும்புக்குள்ளே உக்காந்துக்குமாம். அதுக்காகவே ரெட்டை நூல் வெச்சுப் பின்னினேன். இதோ இந்தப் பையிலதான் இருக்கு.

ஆமா, கொடுக்கலை. அதைத்தான் சொல்ல வர்றேன்.

முதல்ல என் முறை. பொட்டலம் பெரிசா இருந்துச்சு. பிரிச்சேன், கண்ணை மூடினேன். தடவினேன். ஜெசிந்தா கைன்னு உடனே தெரிஞ்சுது, தொளதொளன்னு. டீச்சர் கையில இருந்த என் பேர் சீட்டை அவ கெஞ்சி மாத்திக்கிட்டாளாம், அப்புறமாச் சொன்னாங்க. அது முறையே இல்லை. சரி, இருக்கட்டும். வாயைத் திறந்து பேரைச் சொல்லப் போறேன். அப்போ விரல்ல ஏதோ தட்டுப்பட்டுச்சு.

நூல் நெளிஞ்சிருக்கு.

ஒரு தடவை பின்னிப் பிரிச்ச நூல் பொய் சொல்லாது அம்மிணி. துவைச்சு, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, என்ன பண்ணி நிமித்தினாலும் அங்கங்கே பழைய மடிப்பை ஞாபகம் வெச்சிருக்கும். இன்னும் கொஞ்சம் தடவினேன். ஓரத்துல ஒரு முடிச்சு. சிஸ்டர் அகதா சொல்லிக் கொடுத்த முடிச்சு. ஊசி முனை அளவுதான் இருக்கும், பிரிக்கவே முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். இந்த மலையில அந்த முடிச்சைப் போடறவ நான் ஒருத்திதான். அவ அதை வெட்டலை. அப்படியே விட்டு, அதைச் சுத்திப் பின்னியிருக்கா.

கண்ணைத் திறந்தேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பேரைக் கேக்கறாங்க. நான் சொன்னேன், "இது என் ஸ்வெட்டர்."

ஜெசிந்தா எந்திரிச்சு நின்னா. "ஆமாங்க்கா"ன்னா.

"மூணு மாசம் பின்னினதை உருவிப் போட்டுட்டியா?"

"தலை நுழையலைங்க்கா."

"என்னது?"

"கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு இழுத்தேங்க்கா. நெத்தி வரைக்கும் வந்து மாட்டிக்கிச்சு. மேலேயும் போகலை, கீழேயும் வரலை. உள்ளே இருந்து கத்தறேன், மக ஓடி வந்து காலை என் இடுப்புல ஊனிப் பிடிச்சு இழுத்தா. பூசைக்கு நேரமாயிடுச்சு. உங்ககிட்ட எப்படிங்க்கா சொல்றது? நீங்க அவ்வளவு ஆசையாக் கொடுத்தது."

இதைக் கேட்டுட்டு ரஹமத் சும்மா இருப்பாளா? "அல்லாவே, உனக்குமா? எனக்குக் காதோட மாட்டிக்கிச்சு!"ன்னு அவ. இன்னொருத்தி, "நான் என் தம்பி குழந்தைக்குக் கொடுத்துட்டேன்க்கா, அதுக்கே நுழையலை"ங்கறா. டீச்சர் புடவைத் தலைப்பை வாயில வெச்சு அடைச்சுக்கிட்டாங்க. தோள் குலுங்குது அவங்களுக்கு. டீச்சர்! அவ்வளவு பேரும் சிரிக்கறாங்க. ஜெசிந்தா மட்டும் சிரிக்கலை. இந்தச் சால்வையை எடுத்து என் தோள்ல போட்டா. "நூல் நல்ல நூலுங்க்கா, பெட்டியில கிடக்கக்கூடாதுன்னு தோணுச்சு. எப்பவும் எங்களுக்கே கையொடியப் பின்றீங்க. அந்த உழைப்பு ஒரு தடவையாவது உங்க தோள்லயே கிடக்கட்டும்னு..."

கேட்டீங்களா நியாயத்தை! கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவ பிள்ளையார்கிட்டயே தேங்காயை எடுத்து, அதைப் பிள்ளையாருக்கே உடைச்சுட்டு, பரிசுங்கறா!

நான் எந்திரிச்சேன். "இனி என் பேரை அந்த டப்பாவுல போடாதீங்க"ன்னேன். பையை எடுத்தேன், வந்துட்டேன். ஆமா, சால்வையோடதான் வந்தேன். கழட்டி வீசியிருக்கணும். வாசல்ல வந்ததும் சாரல். கோபத்துல குடையை வேற விட்டுட்டேன். என்ன செய்யறது, போர்த்திக்கிட்டு நடந்தேன்.

பஸ்ல ஏறி உக்காந்த அப்புறம்தான் டீச்சர் பொட்டலத்தை நடுவுல வைக்காமலே பையோட தூக்கிட்டு வந்தது ஞாபகம் வந்துச்சு. வெறுங்கையோட யாரும் வீட்டுக்குப் போகக்கூடாதுங்கறது அங்கே சட்டம். எல்லாரும் பிரிச்சிருப்பாங்க, டீச்சருக்கு மட்டும் ஒண்ணும் இருந்திருக்காது. அப்படியும் அவங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க, கெட்டிலை எடுத்து எல்லாருக்கும் டீ ஊத்தியிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை ரயில். சனிக்கிழமை நான் திரும்பப் போய்க் கொடுக்கணும், இல்லைன்னா கொடுக்கவே வேண்டாம். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? அலுத்துப் போச்சு அம்மிணி. பின்னிப் பின்னி அலுத்துப் போச்சு.

தலை நுழையலையாம். எல்லாரும் முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டதுதான். இல்லைன்னா ஒருத்திகூடவா இத்தனை வருஷமாச் சொல்லாம இருப்பா?

நீங்க நடுங்கறீங்களே! இருங்க, இந்தப் பையில இருக்கறதைப் போட்டுக்கங்க. பஸ் கிளம்பற வரைக்கும். டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க, யார் பக்கம் நியாயம்னு. நீங்க வெளியாளு, நர்ஸ் வேலைக்கு வந்தவங்க, உங்களுக்கு யார் மேலேயும் பகை கிடையாது. கையைத் தூக்குங்க. ஆ, அப்படித்தான். தலையை விடுங்க. விடுங்க. இன்னும் கொஞ்சம். கிளிப் இருக்கு, அதுதான் தடுக்குது. கிளிப்பை எடுங்க. இப்போ விடுங்க. காதை மடக்கிக்கங்க. மூச்சை வெளியே விடுங்க... தலைக்கு எதுக்கு மூச்சுன்னா கேக்கறீங்க, எல்லாத்துக்கும் மூச்சுத்தான். வலிக்குதா? சரி சரி, எடுத்துடறேன். உங்களுக்குத் தலை கொஞ்சம் பெரிசு. தப்பா எடுத்துக்காதீங்க. படிச்சவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

டீச்சரும் படிச்சவங்கதான். ஆமா.

கொண்டாங்க, நான் போட்டுக் காட்டறேன். டீச்சர் தலையும் என் தலையும் ஏறக்குறைய ஒண்ணுதான். கொண்டையை அவுத்துக்கறேன், இருங்க. பாருங்க, கை ரெண்டும் சுளுவாப் போயிடுச்சு. உடம்பும் சரியா இருக்கு. இப்போ தலை... பாருங்க... போகும்... இருங்க...

அம்மிணி.

இருக்கீங்களா? எங்கேயும் போயிடாதீங்க. மூக்குகிட்ட நிக்குது. இழுக்காதீங்க, மேலே இழுக்காதீங்க, காது! உள்ளே ஒண்ணும் தெரியலை. காத்தும் வரலை. யாராவது பார்க்கறாங்களா? கண்டக்டரா? அவரை அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொல்லுங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. காலை ஊனிக்கங்க... இடுப்புல வேண்டாம், சீட்டுல ஊனுங்க. ம், இழுங்க. இழுங்க தாயி!

அப்பா. வந்துடுச்சு.

கொஞ்சம் இருங்க, மூச்சு விட்டுக்கறேன். சன்னலைத் திறங்க. பரவாயில்லை, குளிரட்டும்.

பென்சில் நுழையக்கூடாதுன்னு சொன்னாங்க சிஸ்டர். தலை நுழையணும்னு ஒருத்தரும் சொல்லித் தரலை.

உங்களுக்கு நடுக்கம் நிக்கலையே. இப்படிக் கிட்டே வாங்க. இந்தச் சால்வையில பாதியை எடுத்துக்கங்க. வெக்கப்படாதீங்க, ரெண்டு பேருக்கும் பத்தும். இழுத்த இழுப்புக்கு வருது பாருங்க. தளரப் பின்னினது, அதான். பிடிப்பில்லாத கை. இதே நூல்தான், ஒரு இழைகூட அதிகமில்லை. என்கிட்ட இருந்தப்போ ஒரு ஆளுக்குப் பத்தலை, இப்போ ரெண்டு ஆளுக்குச் சூடா இருக்கு. இதோ அந்த முடிச்சு, தொட்டுப் பாருங்க. உறுத்தவே இல்லை.

உங்க பையில கத்தரி இருக்குமா? நர்ஸம்மா பையில கத்தரி இல்லாம இருக்குமா! கொடுங்க. போனை எடுத்து வெளிச்சம் காட்டுங்க, இங்கே, கழுத்துகிட்ட. கடைசி வரிசையை மட்டும் வெட்டி எடுத்துட்டா போதும், கண்ணியை ஊசியில ஏத்திக்கலாம். ஊசியா? ஊசி இல்லாம நான் கோயிலுக்குக்கூடப் போறதில்லை. கழுத்தை மட்டும் மறுபடி பின்னிடலாம். மரம் அறுத்து முடிக்கறதுக்குள்ளே பாதியாவது ஆயிடும். மீதி நாளைக்கு.

அடிக்குது பாருங்க. என் கை ரெண்டும் ஊசியில மாட்டியிருக்கு. நீங்களே எடுங்க. ஜெசிந்தாதானே? நான் பக்கத்துல இல்லைன்னு சொல்லுங்க. இல்லை, இருக்கேன், பேச மாட்டேன்னு சொல்லுங்க. மரம் விழுந்து பஸ் நிக்குது, பயப்படாதேன்னு சொல்லுங்க. என்ன சொல்றா? குடையா? குடை அவகிட்ட இருக்கா? இருக்கட்டும், சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்னு சொல்லுங்க. டீச்சர் அங்கேதான் இருக்காங்களான்னு கேளுங்க. இருக்காங்களா? அப்படின்னா டீச்சர் தலைச் சுத்தளவை டேப் வெச்சு அளந்து சொல்லச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க, சீட்டு ரகசியம் போயிடும்.

என்ன, சிரிக்கறாளா? அழறாளா? எதுக்கு இப்போ அழணும்? போனை வைக்கச் சொல்லுங்க. 

வெச்சுடாதீங்க, வெச்சுடாதீங்க. டேப் கையில இருக்கும்போதே அவ தலையையும் அளந்து சொல்லச் சொல்லுங்க. ஏன்னு கேட்டா, உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க.